பெயருக்கு முன்னால் ஒரு பூ

முதல் நாள் நான் அவரிடம் சொன்னது என் பெயரையும் வேலையையும்தான். பேரையூர்ப் பக்கம் அரசுப் பள்ளியில் கெமிஸ்ட்ரி டீச்சர் என்றேன். பாய் என்னைத் தலையிலிருந்து செருப்புவரை ஒருமுறை பார்த்தார்.

"அப்படின்னு நீங்க சொல்றீங்க" என்றார்.

எனக்குச் சுர்ரென்று வந்தது. வகுப்பில் ஒரு பையன் இப்படிப் பேசியிருந்தால் வெளியே நிறுத்தியிருப்பேன். ஆனால் காரியம் ஆகவேண்டியது எனக்கு. பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

பிறகுதான் தெரிந்தது, அது எனக்கென்று தனியாகச் சொன்னதில்லை. கீழே டீக்கடைக்காரர் "பால் இப்பத்தான் காய்ச்சினது பாய்" என்றாலும் அதே பதில்தான். ஜன்னல் கம்பி வழியாகப் பாத்திரத்தை எட்டிப் பார்த்த பிறகுதான் டீ சொல்வார். யாராவது மணி நாலு என்றால் தன் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார், அதையும் நம்பாமல் எதிர்க் கட்டடத்து நிழலைப் பார்ப்பார். ஒருமுறை அவர் வீட்டிலிருந்து போன் வந்தது. மீன் குழம்பு வைத்திருக்கிறேன், சீக்கிரம் வாங்க என்று அவர் மனைவி சொன்னது எனக்கே கேட்டது. "என்ன மீனு?" என்றார் பாய். பதில் வந்ததும் "அப்படின்னு மீன்காரன் சொன்னானாக்கும்" என்று போனை வைத்தார். அந்த அம்மாள் எப்படி இந்த மனிதரோடு குடும்பம் நடத்தினாரோ!

அவருடைய பெயரைக் கடைசிவரை நான் கேட்கவில்லை. ஊரே பாய் என்றது, நானும் பாய் என்றேன்.

மதுரையில் தெற்கு மாசி வீதிக்குப் பின்னால் ஒரு சந்து. அங்கே ஊதுபத்தி குடோனுக்கு மேல் மாடியில் ஒற்றை அறை. ஒரு மேஜை, ஒரு விளக்கு, இரண்டு ஸ்டூல். அறையின் பின்பக்கத்தை மறைத்து ஒரு பச்சைத் திரை தொங்கும். அவர் வேலை பேனா பார்ப்பது. ரிப்பேர் கிடையாது, விற்பனை கிடையாது. பழைய பவுண்டன் பேனா சேர்க்கும் பித்துப் பிடித்தவர்கள் பல ஊர்களில் இருக்கிறார்கள். அதிலும் பெரிய விஞ்ஞானிகள் வைத்திருந்த பேனா என்றால் அவர்களுக்குத் தலைகால் புரியாது. அப்படி யாராவது சொல்லி, நம்பி வாங்கிய பேனாவை இவரிடம் கொண்டுவந்து நீட்டுவார்கள். நிஜமா, ஏமாந்தோமா என்று பாய் சொல்லவேண்டும்.

ஏன் விஞ்ஞானிகள் பேனா மட்டும் என்று ஒருநாள் கேட்டேன்.

"மந்திரி பேனா கையெழுத்து மட்டும்தான் போடும் டீச்சர். சினிமாக்காரங்க பேனா அதுவும் போடாது. விஞ்ஞானி பேனாதான் நாள் பூரா எழுதும். எழுதுனாத்தான் தேயும். தேஞ்சாத்தான எனக்கு என்னமாச்சும் தெரியும்?"

கப்பலூரில் பிளாஸ்டிக் கம்பெனி வைத்திருந்த ஒருவர் வந்த அன்று நானும் இருந்தேன். வெல்வெட் பெட்டி, பெட்டிக்குள் பேனா, அதோடு முத்திரை போட்ட சான்றிதழ். வெளிநாட்டு விஞ்ஞானி ஒருவர் தன் கண்டுபிடிப்பை எழுதிய பேனா இது என்று சான்றிதழ் சொன்னது. பாய் அதைப் படிக்கவே இல்லை. பேனாவை எடுத்துக்கொண்டு திரைக்குப் பின்னால் போனார், கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தார்.

"அண்ணே, இந்தப் பேனா எழுதவே இல்ல. கடையில எழுதிப் பாத்திருப்பாங்க, அதோட சரி."

"என்ன பாய் சொல்றீங்க? சர்டிபிகேட் இருக்குல்ல?"

"பெட்டியைப் பாத்து வாங்கியிருக்கீங்க. பெட்டி நல்ல பெட்டிதான்."

அந்த மனிதர் முகம் சிவந்துபோய்ப் படியிறங்கினார். பாதிப் படியில் நின்று, "நிப்பை மாத்திட்டுப் பேசுறான்யா" என்று எல்லோருக்கும் கேட்கிறமாதிரி சொல்லிவிட்டுப் போனார்.

அந்தப் பேச்சு ஊரில் ஏற்கெனவே உண்டு. என்னை இங்கே அனுப்பிய சக ஆசிரியரே எச்சரித்திருந்தார். "தங்க நிப்பு டீச்சர், பாத்துக்கங்க. பாய் பேனாவைத் திரைக்குப் பின்னால கொண்டுபோவாரு. என்ன பண்றாருன்னு யாருக்கும் தெரியாது." அதனால் கிளம்புவதற்கு முன்பே என் பேனாவின் நிப்பை நாலு பக்கமும் போட்டோ எடுத்து வைத்திருந்தேன். அவர் என்னை நம்பவில்லை, நானும் அவரை நம்பவில்லை, கணக்குச் சரி.

இப்போது என் பேனாவைப் பற்றிச் சொல்லவேண்டும்.

என் அப்பா மதுரையில் ஒரு கல்லூரியில் லேப் அட்டெண்டர். எங்கள் பூர்வீகம் அலங்காநல்லூர்ப் பக்கம். அப்பாவுக்கு முந்தைய தலைமுறை அடுத்தவர் வயலில் கூலி வேலை பார்த்தது. எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் மாதச் சம்பளம் வாங்கியவர் அப்பா. அந்தக் கல்லூரிக்கு ஒருமுறை வடக்கேயிருந்து ஒரு பெரிய விஞ்ஞானி பேச வந்தார். சோதனை செய்துகாட்ட அவர் கேட்ட சாமான் எதுவும் லேபில் இல்லை. பேராசிரியர்கள் கையைப் பிசைந்துகொண்டு நிற்க, அப்பா ஒரு சைக்கிள் டியூபையும் இரண்டு மருந்து பாட்டிலையும் வைத்து ஒப்பேற்றிக் கொடுத்தார். சோதனை முடிந்ததும் விஞ்ஞானி அப்பாவின் தோளைத் தட்டி, தன் சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து அப்பாவின் பையில் செருகினார். இது அப்பா சொன்ன கதை. கல்யாண வீடு, காதுகுத்து, பஸ் ஸ்டாண்டு என்று இடம் பார்க்காமல் சொன்ன கதை. அந்தப் பேனாவால் அவர் ஒரு வரி எழுதியதில்லை. ஆயுத பூஜைக்கு வெளியே எடுத்துச் சந்தனம் வைப்பார், மறுபடி பீரோவுக்குள் போய்விடும்.

அப்பா காலமாகிச் சில வருஷம் கழித்து, கல்லூரியில் பழைய பொருட்களுக்கு ஒரு காட்சி அறை திறக்கப்போவதாகச் சொல்லிப் பேனாவைக் கேட்டார்கள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. அதன் கீழே வைக்கப்போகும் அட்டை வாசகத்தை ஒரு பார்வை பார்த்துவிடுங்கள் என்று அனுப்பியிருந்தார்கள். பார்த்தேன்.

"விழா நாளன்று காணாமற்போன இப்பேனா, பின்னாளில் கல்லூரி ஊழியர் ஒருவர் இல்லத்திலிருந்து கிடைக்கப்பெற்றது."

மூன்று முறை படித்தேன். திருடினான் என்று எழுதவில்லை. அதைவிடச் சுத்தமாக எழுதியிருந்தார்கள்.

போனில் பிடித்தேன். விழாவை முன்னின்று நடத்திய, இப்போது ஓய்வுபெற்ற பேராசிரியர் நிதானமாகப் பேசினார். "கோவிச்சுக்காதம்மா. காலையில பிரின்சிபால் ரூம்ல அந்தப் பேனாவாலதான் அவரு எழுதினாரு, போட்டோ இருக்கு. சாயங்காலம் மேடையில பாக்கெட்டைத் தடவித் தடவிப் பாத்தாரு. பேனா இல்ல. நான்தான் என் பேனாவைக் குடுத்தேன். மூடியில அவரு பேரு வேற இருக்குங்கிற. பேரு வெட்டுன பேனாவை யாராச்சும் தூக்கிக் குடுப்பாங்களா?"

உலோக மூடியில் விஞ்ஞானியின் பெயர் ஆங்கில எழுத்தில் இருந்தது உண்மைதான். பெயருக்கு முன்னால் ஐந்து புள்ளியில் ஒரு சின்னப் பூவும் இருந்தது. சின்ன வயதில் அந்தப் பூவை நகத்தால் நிரடிக்கொண்டிருப்பேன்.

அப்பா பேராசிரியராக இருந்திருந்தால் 'வழங்கப்பெற்றது' என்று எழுதியிருப்பார்கள். அட்டெண்டர் என்பதால் 'கிடைக்கப்பெற்றது'. அது எனக்குத் தெரியும். தெரிந்தும், அன்று ராத்திரி படுத்தபோது எனக்கே ஒரு சந்தேகம் வந்தது. ஒருவேளை அப்பா எடுத்திருப்பாரோ? அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் வந்தது. அந்தச் சந்தேகத்தோடுதான் பாயின் படியேறினேன்.

நாலைந்து முறை போய்வந்த பிறகுதான் பேனாவை நீட்டினேன். என் கதை முழுவதையும் கேட்டுவிட்டு அவர் வழக்கம்போல, "அப்படின்னு உங்க அப்பா சொன்னாரு" என்றார். கல்லூரி அனுப்பிய போட்டோவை வாங்கிக்கொண்டு, பேனாவோடு திரைக்குப் பின்னால் போனார். நான் இரண்டு நிமிஷம் பொறுத்தேன். பிறகு எழுந்துபோய்த் திரையை இழுத்துவிட்டேன்.

பாய் நிப்பைத் தன் கீழுதட்டில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு, எழுதுவதுபோல மெல்ல இழுத்துக்கொண்டிருந்தார்.

இரண்டு பேரும் விக்கித்துப் போனோம். அவருக்குக் காது நுனிவரை வெட்கம். "விரல்ல உணர்ச்சி இல்ல டீச்சர். சின்ன வயசுலருந்து சுத்தியும் உளியும் பிடிச்சுக் காப்புக் காச்சிப்போச்சு. உதட்டுலதான் தேய்மானம் தெரியும். பாக்குறவங்க அருவருப்பாங்கன்னுதான் திரை." பிறகு அவரே, "நிப்பைப் போட்டோ எடுத்து வச்சிருப்பீங்களே? எடுங்க, பாப்போம்" என்றார். ஒப்பிட்டுப் பார்த்தோம். அதே நிப். "நல்ல வேலை பண்ணீங்க" என்று பாராட்டினார். அவரைச் சந்தேகப்பட்டதற்காக அவர் மகிழ்ந்ததுபோல வேறு எதற்கும் மகிழ்ந்து நான் பார்த்ததில்லை.

அப்புறம் மேஜைக்கு வந்து சொன்னார்.

"இது அவரு பேனாதான்."

அதுவரை அவர் வாயிலிருந்து யாருக்கும் 'ஆமாம்' வந்து நான் கேட்டதில்லை. "போட்டோவுல பாருங்க, இடது கையால எழுதுறாரு. வலது கைக்காரங்க நிப்பு ஒரு பக்கம் சாஞ்சு தேயும். இது மறு பக்கம் தேஞ்சிருக்கு. வருசக்கணக்கா எழுதுன தேய்மானம். உங்க அப்பா எந்தக் கை?"

"வலது" என்றேன். பேனா போலியாக இருந்தால் அப்பா வெறும் கதைவிட்டவர். நிஜமாகிவிட்டதால் அப்பா திருடர். பேராசிரியர் சொன்னது சரியாகிவிட்டது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

பாய் என்னைத் தேற்றவில்லை. தேற்றுகிற ஜாதியே இல்லை அவர். மூடியை எடுத்து லென்சுக்குக் கீழே வைத்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"வடக்க அவரு ஊர்க்காரங்க பேரு முதல்ல, குடும்பப் பேரு கடைசியில எழுதுவாங்க. போட்டோவுக்குக் கீழயும் அப்படித்தான் அச்சடிச்சிருக்கு. இதுல என்ன இருக்குன்னு பாருங்க."

பார்த்தேன். குடும்பப் பெயரின் முதலெழுத்து முன்னால், ஒரு புள்ளி, பிறகு பெயர். நம் ஊர் இனிஷியல் மாதிரி. இத்தனை வருஷம் என் கண்ணில் இது உறுத்தவே இல்லை.

"தன் பேரை ஒருத்தரு இப்படி வெட்டச் சொல்ல மாட்டாரு. இது அவரு கையை விட்டு வந்த பிறகு நம்ம ஊருல வெட்டுனது." நிறுத்தினார். குரல் இறங்கிவிட்டது. "இந்தப் பூ முன்னாடியே இருந்துச்சா?"

"நான் பிறந்ததிலிருந்து பார்க்கிறேன்."

"இது எங்க கடைப் பூ டீச்சர்."

அவருடைய அப்பா, அவர் சொல்லில் அத்தா, பாத்திரங்களுக்குப் பெயர் வெட்டும் கடை வைத்திருந்தவர். பாயும் அவர் அண்ணனும் அங்கேதான் வேலை பார்த்திருக்கிறார்கள். "சாமான் வந்தா எங்க அத்தா முதல்ல ஒண்ணுதான் கேப்பாரு. வச்சுக்கிறதுக்கா, குடுக்கிறதுக்கா? வச்சுக்கிறதுன்னா வெறும் பேரு. சீர், மொய்னு குடுக்கிறதுன்னா, குடுக்கிறவங்க பேரை வெட்டி முன்னால ஒரு பூ. அன்பளிப்புன்னு வெட்டுனா அம்புட்டு எழுத்து ஆகும், சின்னச் சாமான்ல இடம் கொள்ளாது. அதுக்குப் பதிலு பூ. நசுங்காம இருக்கப் பேனா மூடிக்குள்ள மரக்குச்சியச் சொருகி வெட்டியிருக்காங்க."

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. மூடியில் இருந்தது வைத்திருந்தவர் பெயர் இல்லை. கொடுத்தவர் பெயர். தாய்மாமன் கொடுத்த தாம்பாளத்தில் தாய்மாமன் பெயர் இருப்பதுபோல.

"திருடுனவன் பேரை அழிப்பான். காசு குடுத்து உடமைக்காரன் பேரை வெட்டி வைப்பானா?" என்றார் பாய்.

"அப்ப மேடையில் ஏன் பையைத் தடவினார்?"

"அன்னைக்குக் காலை வரைக்கும் அங்க இருந்த பேனா. குடுத்தது மனசுக்குத் தெரியும், கைக்குத் தெரியுமா? பழக்கத்துல தேடும்."

"இதை வெட்டியது நீங்களா? அப்பா வந்தது ஞாபகம் இருக்கா?"

அந்த இடத்தில் 'ஆமாம்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் அவர் காலில் விழுந்திருப்பேன். அவர் மறுபடி மூடியைப் பார்த்தார். "நானா இருக்கலாம். எங்க அண்ணனா இருக்கலாம். ஞாபகம் இருக்குன்னு சொன்னா அது பொய்யி." எழுதியாவது கொடுங்கள் என்று கெஞ்சினேன். "காயிதத்தை யாரு நம்புவா? நானே நம்ப மாட்டேன்" என்றுவிட்டார்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. எழுந்து நின்று, "பூ, கடை, அத்தா, எல்லாம் சரி. அப்படின்னு நீங்க சொல்றீங்க, பாய்" என்றேன்.

அவர் முகம் மலர்ந்தது. "அதேதான். போய்ப் பாருங்க. உங்க வீட்டுப் பரண்ல இல்லாத பாத்திரமா?"

அந்த ஞாயிற்றுக்கிழமை, அம்மா இருக்கும் அலங்காநல்லூர் வீட்டுக்குப் பஸ் பிடித்தேன். பரணில் ஏறி ஒவ்வொன்றாக இறக்கினேன்.

"எதுக்குடி இம்புட்டுச் சாமானையும் எறக்குற? பேய் பிடிச்சிருக்கா?" என்று அம்மா கீழே நின்று கத்தினாள்.

தாய்மாமன் பெயர் வெட்டிய தாம்பாளத்தில் பூ இருந்தது. அத்தை பெயர் போட்ட தூக்குவாளியில் பூ. அப்பா பெயர் வெட்டி நாங்களே வாங்கிய குடத்தில் பூ இல்லை. அப்போது ஒரு குத்துப்போணி கையில் வந்தது. யாரோ முன்பின் தெரியாத பெயர், பூ இல்லை. அவ்வளவுதான், எல்லாம் கவிழ்ந்தது என்று நினைத்தேன்.

"அம்மா, இது யாரு குடுத்தது?"

அம்மா வாங்கிப் பார்த்தாள். கொஞ்சம் குரலைத் தாழ்த்தினாள். "ஆத்தி, அது யாரும் குடுத்தது இல்லடி. ஒங்க சித்தி வீட்டு விசேசத்துல மாறி வந்துருச்சு. திருப்பிக் குடுக்கணும், குடுக்கணும்னு இருந்தேன். இம்புட்டு நாளாப் போச்சு."

நான் பரணிலேயே உட்கார்ந்து சிரித்தேன், அப்புறம் அழுதேன். அப்பா, உன்னை நானும்கூடச் சந்தேகப்பட்டேனே என்று வாய்விட்டுச் சொன்னேன். அம்மாவுக்குப் பேய்தான் என்று உறுதியாகிவிட்டது.

மறுநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, தாம்பாளத்தையும் குடத்தையும் போணியையும் சாக்கில் கட்டிக்கொண்டு கல்லூரிக்குப் போனேன். பிரின்சிபால் அறையில் அந்தப் பேராசிரியரும் இருந்தார். சொல்லி முடித்தேன். பேராசிரியர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். "உங்க வீட்டுப் பாத்திரம்மா இதெல்லாம். இது போதுமா?"

தண்ணீர் குடிக்க வெளியே வந்தேன். வராந்தாவில் ஒரு பழைய எவர்சில்வர் டிரம் இருந்தது. நான் இதே கல்லூரியில் படித்த காலத்திலும் அதில்தான் தண்ணீர் குடித்திருக்கிறேன். படித்து முடித்துப் போன இயற்பியல் மாணவர்கள் வாங்கிக் கொடுத்தது. 'இயற்பியல் மாணவர்கள்' என்று புள்ளி புள்ளியாக வெட்டியிருந்தது. அதற்கு முன்னால் ஐந்து புள்ளியில் பூ.

"சார், கொஞ்சம் வெளிய வாங்க" என்று கூப்பிட்டேன். குரல் என்னை மீறி உயர்ந்துவிட்டது. "இந்த டிரம்முல பசங்க பேரு இருக்கு. இதை அவங்ககிட்டருந்து நீங்க திருடிட்டீங்களா சார்?"

வராந்தாவில் போன மாணவர்களெல்லாம் நின்று பார்த்தார்கள். பேராசிரியர் குனிந்து, பூவை விரலால் தடவினார். நிமிர்ந்து, "தினமும் இதுலதாம்மா தண்ணி குடிச்சேன்" என்றார். அட்டையில் ஒரு வார்த்தை மட்டுமல்ல, மொத்த வாசகமும் மாறியது. அப்பாவின் பெயர் இனிஷியலோடு வந்தது. 'வழங்கப்பெற்றது' என்று வந்தது. பூ வெளியே தெரியும்படி மூடியைத் திருப்பி நானே வைத்தேன்.

பாயிடம் வெறுங்கையோடு போக மனம் வரவில்லை. ஒரு எவர்சில்வர் டம்ளர் வாங்கிப் போனேன். அவர் மேஜை இழுப்பறையிலிருந்து காந்தத்தை எடுத்து டம்ளரில் ஒட்டுகிறதா என்று முதலில் பார்த்தார். ஒட்டவில்லை. "சரி" என்றார் அரை மனதாக.

"இதில் ஒரு பேர் வெட்டணும் பாய்."

வேலையை விட்டுப் பல வருஷம் ஆகிவிட்டது என்று முணுமுணுத்துக்கொண்டே, திரைக்குப் பின்னாலிருந்து உளியும் சுத்தியலும் கொண்டுவந்தார். பேர் என்ன என்று கேட்கவில்லை. முதலில் கேட்டது வேறு.

"வச்சுக்கிறதுக்கா, குடுக்கிறதுக்கா?"

"குடுக்கிறதுக்கு" என்றேன். அப்பாவின் பெயரைச் சொன்னேன். ஐந்து புள்ளியையும் முதலில் வெட்டிவிட்டு, யாருக்கு என்றார். உங்களுக்குத்தான் என்றேன். அதற்கு மட்டும் 'அப்படின்னு நீங்க சொல்றீங்க' வரவில்லை. தலையைக் குனிந்துகொண்டு டொக் டொக்கென்று கடைசி எழுத்துவரை வெட்டினார்.

போன வருஷம் பாய் மௌத்தாகிவிட்டார் என்று பத்து நாள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. விசாரித்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். மகள் இருந்தார். உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்தார், அதே டம்ளரில். நான் பெயரையே பார்த்துக்கொண்டிருந்ததைக் கவனித்திருப்பார் போலிருக்கிறது. சங்கடமாகச் சிரித்தார்.

"தப்பா நினைக்காதீங்கக்கா. இது யாரு வீட்டு டம்ளரோ தெரியல. அத்தா எங்கருந்தோ எடுத்துட்டு வந்துட்டாரு. கடைசி வரைக்கும் இதுலதான் குடிப்பேன்னு பிடிவாதம். கேட்டா வாயைத் திறக்கல. பேரைப் பாத்து உடமைக்காரங்ககிட்டக் குடுத்துரலாம்னா, அப்படி ஒரு ஆளை எங்க யாருக்கும் தெரியல."

நான் தண்ணீரைக் குடித்து முடித்தேன். டம்ளரைத் திருப்பி, அவர் விரலைப் பிடித்து, என் அப்பாவின் பெயருக்கு முன்னால் இருந்த பூவின் மேல் வைத்தேன்.